மக்கள் ஓட்டில் முந்திய பின்லாந்து எப்படித் தோற்றது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ‘யூரோவிஷன் 2023 இறுதிச்சுற்றை இப்போதுதான் பார்த்தேன். அரங்கமே பின்லாந்துக்காரரின் பாட்டைக் கத்துகிறது. மக்கள் ஓட்டிலும் அவர்தான் முதலிடம். கோப்பை மட்டும் ஸ்வீடனுக்குப் போகிறது. இது முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம்தானே? அப்புறம், அந்த சா சா சா பாட்டுக்கு என்னதான் அர்த்தம்?’

அர்த்தத்தைக் கடைசியில் சொல்கிறேன். மற்றதில் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. கணக்கு எப்படி ஸ்வீடன் பக்கம் சாய்ந்தது, நடுவர்கள் ஏன் பின்லாந்தைக் கீழே வைத்தார்கள், யாராவது தில்லுமுல்லு செய்தார்களா. முதல் கேள்விக்கு எண்களே பதில் சொல்லிவிடும், அதில் சந்தேகம் இல்லை. இரண்டாவதற்கு என் தொழிலை வைத்து ஓர் அனுமானம் சொல்லலாம், அனுமானம் என்று தெரிந்தே படியுங்கள். மூன்றாவதில் ‘ஆதாரம் இல்லை’ என்பது வரைதான் யாரும் நேர்மையாகப் போக முடியும். என்னைப் பற்றி ஒரு வரி: இருபது வருஷமாக மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவன். மிக்சர் முன்னால் உட்கார்ந்து, பாடுகிறவருக்கு எப்போது மூச்சு வாங்குகிறது என்று காதால் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. கல்லூரிப் பாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து திட்டு வாங்கிய அனுபவமும் நிறைய உண்டு.

போட்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. யூரோவிஷன் என்பது, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள், ஆளுக்கொரு பாட்டு அனுப்பி வருஷா வருஷம் மோதும் பாட்டுப் போட்டி. 2022இல் இத்தாலியின் டூரின் நகரில் உக்ரைன் ஜெயித்தது. ஜெயித்த நாட்டில்தான் அடுத்த போட்டி நடக்க வேண்டும். போர் காரணமாக அங்கே நடத்த முடியாமல், உக்ரைன் சார்பில் பிரிட்டன் 2023இல் லிவர்பூலில் நடத்தியது. மொத்தம் 37 நாடுகள், மே 13ஆம் தேதி சனிக்கிழமை இறுதிச்சுற்றில் 26 பாட்டுகள். ஸ்வீடன் அனுப்பியது லோரீனை. மொராக்கோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், 2012இலேயே பாகு நகரில் ‘யூஃபோரியா’ பாடி 372 புள்ளிகளோடு ஜெயித்தவர். பதினொரு வருஷம் கழித்து ‘டாட்டூ’ என்ற பாட்டோடு திரும்பி வந்திருந்தார். பின்லாந்து அனுப்பியது கேரியா என்ற மேடைப்பெயர் கொண்ட யெரே பொய்ஹொனனை. வெளியூரில் அதிகம் பேருக்குத் தெரியாத ராப் பாடகர். முழுக்க பின்னிஷ் மொழியில் ‘சா சா சா’.

இரண்டு மேடைகளும் இரண்டு துருவம். லோரீன் இரண்டு பெரிய எல்ஈடி பலகைகளுக்கு நடுவில், தோசைக்கல்லுக்கும் மூடிக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி, படுத்தபடி பாட ஆரம்பிக்கிறார். பாட்டு விரிய விரிய மேல் பலகை உயர்கிறது. மேடையில் அவரும் அவருடைய நீள நகங்களும் மட்டும்தான். கேரியா மரப்பெட்டிக்குள்ளிருந்து உடைத்துக்கொண்டு வருகிறார். வெற்று மார்புக்கு மேல், கண்ணைப் பறிக்கும் பச்சையில் புஸ்ஸென்று ஊதிய சட்டைக் கை மட்டும் மாட்டியிருக்கிறார். பின்னால் இளஞ்சிவப்பு உடையில் பால்ரூம் நடனக்காரர்கள். முதல் பாதி இரும்புப் பட்டறை, இரண்டாம் பாதி கல்யாண வீட்டு ஊர்வலம். முதல் தடவை பார்த்தபோது நானும் கேரியா கட்சிதான், மறைக்கவில்லை.

இப்போது கணக்கு. 2016 முதல் இறுதிச்சுற்றில் ஒவ்வொரு நாடும் இரண்டு தனித்தனிப் பட்டியல் தருகிறது. ஒன்று நடுவர் குழுவுடையது (2023இல் குழுவுக்கு ஐந்து பேர்), இன்னொன்று அந்த நாட்டு மக்களின் தொலைபேசி, எஸ்எம்எஸ், ஆப் வாக்குகளுடையது. ஒவ்வொரு பட்டியலிலும் முதல் பத்துப் பாட்டுக்கு மட்டும் 12, 10, அப்புறம் 8இலிருந்து 1 வரை புள்ளி. 2023இல் போட்டியில் இல்லாத நாடுகளின் மக்கள் ஆன்லைனில் போடும் ஓட்டும் சேர்ந்தது, அதெல்லாம் கூட்டாக ஒரே ஒரு நாட்டின் மதிப்பு. கேரியாவுக்கு மக்கள் 376, நடுவர்கள் 150, கூட்டினால் 526. லோரீனுக்கு மக்கள் 243, நடுவர்கள் 340, கூட்டினால் 583. மக்கள் ஓட்டில் பின்லாந்து 133 புள்ளி முன்னால், நடுவர் ஓட்டில் ஸ்வீடன் 190 புள்ளி முன்னால். மீதி 57. கோப்பை அந்த 57இல் போனது. விகிதத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மக்களுக்கும் நடுவர்களுக்கும் சரிபாதி என்பதற்குப் பதிலாக மக்கள் பங்கு நூற்றுக்கு 59 என்று இருந்திருந்தால் பின்லாந்து ஜெயித்திருக்கும். 58 என்றால் அப்போதும் ஸ்வீடன்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று, மக்கள் ஓட்டில் இரண்டாவது இடம் யாருக்கு என்பது. அதுவும் லோரீனுக்குத்தான். நார்வே 216 வாங்கி அவருக்குப் பின்னால் நின்றது. ‘மக்கள் ஒதுக்கியவரை நடுவர்கள் தூக்கிவிட்டார்கள்’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு நாட்டு மக்கள்கூட லோரீனுக்கு 12 கொடுக்கவில்லை. கேரியாவுக்கு 18 நாட்டு மக்கள் 12 கொடுத்தார்கள், அதில் ஸ்வீடனும் ஒன்று. எங்கேயும் முதலிடம் வாங்காமல் மொத்தத்தில் இரண்டாமிடம் எப்படி வரும்? கணக்குப் போட்டால் ஒரு நாட்டுக்குச் சராசரியாக ஆறரைப் புள்ளி. சராசரியாகப் பார்த்தால் அது நான்காவது, ஐந்தாவது இடத்துக்குச் சமம். வகுப்பில் எந்தப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்காமல் எல்லாவற்றிலும் எண்பது வாங்கி ரேங்க் பட்டியலில் மேலே நிற்கும் பிள்ளை ஒன்று இருக்குமே, அந்த மாதிரி.

இதிலிருந்து அடுத்த விஷயத்துக்குப் போகலாம். மக்கள் ஓட்டும் நடுவர் ஓட்டும் ஒரே பொருளை இரண்டு தடவை எடை போடுவதில்லை. மக்கள் பிடித்ததுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அந்த வருஷம் ஒருவர் இருபது ஓட்டு வரை போடலாம், இருபதையும் ஒரே பாட்டுக்குக் கொட்டலாம். பிடிக்காத பாட்டுக்கு எதிராகப் போட அங்கே பொத்தான் இல்லை. நடுவருக்கு அந்த வசதி கிடையாது. சொந்த நாட்டுப் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, ஒரு பாட்டு பத்துப் பேரில் நான்கு பேருக்கு உயிர், ஆறு பேருக்கு எரிச்சல் என்றால், மக்கள் ஓட்டில் அந்த நான்கு பேர் மட்டும்தான் தெரிவார்கள். நடுவர் பட்டியலில் அந்த ஆறு பேரும் தெரிவார்கள். ‘சா சா சா’ அப்படி மனசைப் பிளக்கும் பாட்டு. ‘டாட்டூ’வை வெறுக்கிறவர்கள் குறைவு. உயிராக நேசிக்கிறவர்களும் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. லோரீன் ரசிகர்கள் மன்னிக்க.

நடுவர்களுக்குக் கொடுக்கப்படும் அளவுகோல் நான்கு: பாட்டின் அமைப்பும் புதுமையும், மேடை நிகழ்த்துதலின் தரம், குரல் வளம், மொத்தத்தில் தரும் உணர்வு. இங்கே என் கல்லூரி அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். கையில் கொடுத்த தாளில் சுருதி, தாளம், உச்சரிப்பு, மேடைத்தன்மை என்று நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 25. ஒரு பையன் வந்து கானா பாடினான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விசில். நானும் மேஜையில் தாளம் போட்டேன். பேனாவை எடுத்துத் தாளைப் பார்த்தால் சுருதியில் 14க்கு மேல் போட மனசு வரவில்லை, ஏனென்றால் அவன் ஆடிக்கொண்டே பாடியதில் பாதி வரி பேச்சாகப் போய்விட்டது. விசிலுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. அடுத்து வந்த பெண் பிசகில்லாமல் பாடி 90ஐத் தாண்டிவிட்டாள். முடிவை அறிவித்ததும் அரங்கத்தில் எழுந்த ஊளை இன்னும் காதில் இருக்கிறது. மூன்று பேரும் மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனோம். எங்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. தாள் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

லிவர்பூலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். யூரோவிஷனில் இசை முழுக்க முன்பே பதிவுசெய்த டிராக்கில் வரும், முன்னணிக் குரல் மட்டும் கட்டாயம் நேரடியாகப் பாட வேண்டும். 2021இலிருந்து பின்னணிக் குரல்களைப் பதிவாகவே ஓடவிட அனுமதி உண்டு. பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட அமைப்பில் பாடகரின் மூச்சு ஒன்றுதான் அம்மணமாக வெளியே நிற்கும். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கேரியாவின் முதல் பாதி ராப்பும் கத்தலும், அங்கே சுருதி பெரிய கேள்வி இல்லை. இரண்டாம் பாதியில் மெட்டு திடீரென்று மலர்ந்து, நிஜமாகவே பாட வேண்டிய இடம் வருகிறது. அதற்குள் ஆடி, குதித்து, காற்றெல்லாம் தீர்ந்துபோயிருக்கிறது. சொற்களின் நுனி விழுகிறது, நீட்ட வேண்டிய சுரத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார். கூட்டம் கூடவே கத்துவதால் அரங்கில் இருப்பவருக்கு அது குறையாகவே படாது, சந்தோஷமாகப் படும். லோரீன் வேறு ரகம். கீழ் சுரத்தில் காற்று கலந்த குரலில் தொடங்கி, கோரஸில் தொண்டையை முழுசாகத் திறக்கிறார், ஒவ்வொரு தடவையும் சுரம் சரியாக அதே இடத்தில் போய் உட்காருகிறது. ஒலிக்காரனாகச் சொன்னால், அவருக்கு மிக்ஸ் செய்கிற ஆள் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்களும் நானும் கேட்டது சனிக்கிழமைப் பாட்டு. நடுவர்கள் மதிப்பிடுவது முந்தின நாள், வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் முழு ஒத்திகையை. அதனால் சனிக்கிழமைப் பதிவை வைத்துக்கொண்டு ‘இந்த இடத்தில் பிசகியதால்தான் நடுவர் குறைத்தார்’ என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. மேலே நான் சொன்னதும் அந்த வரம்புக்குள்தான்.

என்னைக் கேட்டால், அந்த இரவின் நிஜமான புதிர் கேரியாவின் 150 இல்லை. நடுவர் பட்டியலில் லோரீனுக்கு அடுத்தபடியாக யார், எவ்வளவு என்று பாருங்கள். இஸ்ரேல் 177, இத்தாலி 176, நான்காவது பின்லாந்து 150, அதை ஒட்டி எஸ்டோனியா 146. முதலிடத்துக்கு 340, இரண்டாமிடத்துக்கு அதில் பாதி! நடுவர்களுக்கு முதல் பாட்டு எது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து, இரண்டாவது எது என்பதில் ஆளுக்கொரு பக்கம். இந்தப் பள்ளத்தில்தான் பின்லாந்து விழுந்தது. நடுவர்களிடம் வலுவான இரண்டாவது பாட்டு ஒன்று இருந்திருந்தால் லோரீனிடமிருந்து அது நிறைய 12ஐப் பிடுங்கியிருக்கும், அவருடைய 340 ஒரு 280ஆக ஆகியிருந்தால்கூட கேரியாதான் வெற்றி. ஒரே மாதிரி தொழில்முறைப் பாப் பாட்டை ஒரே மாதிரி பயிற்சி பெற்ற காதுகள் கேட்டால் ஒரே பதில் வருவது இயல்பு என்று ஒரு வாதம். முன்பே ஜெயித்தவர், பந்தயக்காரர்கள் மாதக்கணக்கில் முதலிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் என்ற ஒளிவட்டம் நடுவர் கண்ணையும் கூசவைத்தது என்று இன்னொரு வாதம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழி இல்லை.

இனி தில்லுமுல்லு. அப்போது பரவிய கதை இது: 1974இல் பிரிட்டனின் பிரைட்டனில் ஸ்வீடனின் ஆபா குழு ‘வாட்டர்லூ’ பாடி யூரோவிஷனை ஜெயித்ததற்கு 2024இல் ஐம்பதாவது ஆண்டு. அந்த விழாவை ஸ்வீடனில் நடத்தத்தான் 2023இல் ஸ்வீடனை ஜெயிக்க வைத்தார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. தேதிப் பொருத்தம் உண்மைதான், 2024 போட்டி ஸ்வீடனின் மால்மோவில்தான் நடந்தது. ஆனால் இதைச் செய்ய 37 நாடுகளில் தலைக்கு ஐந்து என்று 185 நடுவர்களில் பெரும்பகுதியை மடக்க வேண்டும், அதற்கப்புறம் ஒருத்தர்கூட வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அப்படி நடந்ததற்கு ஒரு துண்டு ஆதாரம்கூட வரவில்லை. அதற்காக நடுவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்ல மாட்டேன். முந்தின வருஷம், 2022இல், இரண்டாவது அரையிறுதியில் அசர்பைஜான், ஜார்ஜியா, மான்டினெக்ரோ, போலந்து, ருமேனியா, சான் மரினோ ஆகிய ஆறு நாட்டு நடுவர் ஓட்டுகள் ஒன்றுக்கொன்று சாதகமாக விழுந்திருப்பதை அமைப்பாளர்களே கண்டுபிடித்து, அவற்றைத் தூக்கிவிட்டுக் கணக்கிட்ட மாற்றுப் புள்ளிகளைப் போட்டார்கள். ஆக, சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால் 2023இல் அப்படி எதையும் அறிவிக்கவில்லை.

நடுவர்களை மொத்தமாக ஒழித்துவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு காலத்தில் ஒழித்துப் பார்த்தார்கள். 1997இல் ஐந்து நாடுகளில் தொலைபேசி ஓட்டுச் சோதனை நடந்தது, அடுத்த வருஷமே பெரும்பாலான நாடுகள் அதற்கு மாறின. கொஞ்ச நாளில் பக்கத்து நாடு பக்கத்து நாட்டுக்கும், வெளியூரில் குடியேறியவர்கள் சொந்த ஊருக்கும் போடுகிறார்கள் என்ற புகார் பெருத்தது. அதனால்தான் 2009 இறுதிச்சுற்றில் நடுவர்களைப் பாதிப் பங்கோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள் ஓட்டு பாட்டை மட்டும் அளக்கும் கருவியும் இல்லை. 2022இல் உக்ரைனுக்கு மக்கள் கொடுத்த 439இல் பாட்டுக்கு எவ்வளவு, போரில் சிக்கிய நாட்டுக்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

இரண்டு பட்டியலும் முட்டிக்கொள்வது 2023இன் விசேஷமும் இல்லை. 2015இல் மக்கள் ஓட்டில் முதலிடம் இத்தாலி, கோப்பை ஸ்வீடனுக்கு. 2016இல் நடுவர்களுக்கு ஆஸ்திரேலியா, மக்களுக்கு ரஷ்யா, ஜெயித்தது இரண்டிலும் முதல் வராத உக்ரைன். 2024இல் குரோஷியாவின் பேபி லசானியா மக்கள் ஓட்டில் 337 வாங்கியும் சுவிட்சர்லாந்தின் நெமோவிடம் தோற்றார், கேரியா கதையின் அச்சு அசல் நகல். 2025இல் மக்கள் ஓட்டில் 297 வாங்கிய இஸ்ரேலை, அதில் 178 மட்டுமே வாங்கிய ஆஸ்திரியா நடுவர் புள்ளிகளால் முந்தியது. அந்த வருஷத்து ஓட்டுச் சர்ச்சைக்குப் பிறகு, ஒருவர் போடக்கூடிய ஓட்டை இருபதிலிருந்து பத்தாகக் குறைத்து, நடுவர் எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஏழாக்கி, அரையிறுதிக்கும் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். இதற்கு நடுவே 2017இல் மட்டும் போர்ச்சுகலின் சல்வடோர் சோப்ரால், மேடையில் ஒரு சாகசமும் இல்லாமல் தனியாக நின்று பாடி, இரண்டு பட்டியலிலும் முதல் வந்து 758 புள்ளிகளோடு போனார். நேரம் கிடைத்தால் அதையும் கேளுங்கள்.

முடிவு அறிவிக்கும் அந்தக் கடைசி நிமிஷங்களைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நடுவர் பட்டியலில் கீழிருந்து மேலாக மக்கள் புள்ளிகளைப் படிப்பார்கள். பின்லாந்து என்றதும் 376, கூரை அதிர்கிறது. இத்தாலி, இஸ்ரேல் கடந்து ஸ்வீடன் ஒன்றுதான் பாக்கி. கேரியாவைத் தாண்ட லோரீனுக்குத் தேவை 187. கூட்டம் சா சா சா என்று கத்திக்கொண்டே இருக்கிறது. 243 என்று படிக்கிறார்கள். அந்த எண்ணோடு அவர் இரண்டு தடவை ஜெயித்த முதல் பெண் ஆனார். அதற்கு முன் அப்படி ஜெயித்தவர் அயர்லாந்தின் ஜானி லோகன் மட்டும்தான். ஸ்வீடனும் ஏழாவது வெற்றியோடு அயர்லாந்தை எட்டிப் பிடித்தது.

அப்புறம் நீங்கள் கேட்ட அர்த்தம். வாரம் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவன் குடிக்கக் கிளம்புகிறான். பினா கொலாடா உள்ளே இறங்க இறங்க கூச்சம் போய், ஆடத் தெரியாதவன் நடன மேடைக்கு வந்துவிடுகிறான். அவ்வளவுதான் பாட்டு, பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் இது தெரிந்தபிறகு மெட்டு நடுவில் ஏன் அப்படித் தலைகீழாக மாறுகிறது என்பது புரியும். எனக்குக் கேட்கிற விதத்தில், முதல் பாதி குடிப்பதற்கு முன், இரண்டாம் பாதி நாலைந்து கிளாஸுக்குப் பிறகு. அந்த இடத்தில் அவர் குரல் தள்ளாடுவதை, தாளும் பேனாவும் கையில் இல்லாதபோது, நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.